இருவர் பேரில் ஒரு கார்

ஜன்னல் திரை தைக்கிற திரைக்காரம்மாவின் வீட்டுச் சுவரை ஒட்டி அந்தக் கார் இரண்டு வருடமும் நாலு மாதமும் நின்றது. ஏழு பேர் உட்காரும் பெரிய கார். தெருவோ சின்னத் தெரு. எதிர்வீட்டுக்காரர் காலையில் ஸ்கூட்டரை வெளியே எடுக்கும்போதெல்லாம் ஹேண்டிலை இப்படியும் அப்படியும் ஒடித்து, இடுப்பை ஒடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார். "ஓடாத வண்டிக்கு இவ்வளவு பவுசு" என்று தினமும் ஒரு தரம் சொல்லாவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது விடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திரைக்காரம்மா ஒரு வாளித் தண்ணீரும் பழைய திரைத்துணியுமாக வந்து காரைத் துடைப்பாள். வெளியே முடிந்ததும் உள்ளே ஏறி முன்பக்கக் கண்ணாடியைத் துடைப்பாள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எட்டி எட்டித்தான் துடைப்பாள். ஓட்டுகிற இருக்கையில் உட்கார மாட்டாள். அது சின்னவளுடைய இடம்.

சின்னவள் அவளுடைய தங்கை. பன்னிரண்டு வயது இளையவள். அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்து வயது. அந்த வருடமேதான் திரைக்காரம்மாவுக்குக் கல்யாணமும் ஆயிற்று. "என் பொண்டாட்டி சீதனமா ஒரு தங்கச்சியைத்தான் கொண்டுவந்தா, அதுவும் வாய் ஓயாத தங்கச்சி" என்று அவள் கணவர் எல்லோரிடமும் கேலியாகச் சொல்வார். அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். ஊருக்கே மீட்டர்காரர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சின்னவள் இருந்த வரைக்கும் அந்தப் பேச்சே வீட்டில் எழுந்ததில்லை.

அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் திரைத் தொழில் பண்ணினார்கள். ஜன்னலை அளப்பது, சுவரில் துளை போடுவது, கம்பி மாட்டுவது, வண்டி ஓட்டுவது எல்லாம் சின்னவள். துணி வெட்டுவது, மடிப்பு வைப்பது, தைப்பது அக்கா. வாடகை டெம்போவில் ஏணியையும் கம்பியையும் ஏற்றி அலுத்துப்போய், இருவர் பேரிலும் வங்கிக் கடன் போட்டு அந்தக் காரை வாங்கினார்கள். பின் இருக்கைகளை மடித்தால் பத்தடிக் கம்பி உள்ளே போகும். சின்னவள் வாயால் பாட்டை முனகிக்கொண்டே ஓட்டுவாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மடியிலேயே வளையம் கோத்துக்கொண்டு வருவாள். அப்படி ஆறு மாதம்தான்.

ஒரு விடுதிக்கு அறுபது திரை தைத்தார்கள். அந்த விடுதியின் மேலாளர் மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை வைத்திருந்தவர். திரை மாட்டி முடிந்த பிறகும் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வளையம் கழன்றுவிட்டது, ஒரு கம்பி ஆடுகிறது. அறுபதில் எத்தனைதான் ஆடும் என்று அக்காவுக்கு முதலிலேயே சந்தேகம். கடைசியில் அவருக்குப் பத்து மணி நேரப் பஸ் தூரத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சின்னவள் வந்து, "அக்கா, நானும் அவர்கூடப் போகட்டுமா" என்று கேட்டாள். முப்பத்தாறு வயதுப் பெண் கேட்கிற மாதிரியா இருந்தது அது? பத்து வயதில் விளையாடப் போகக் கேட்ட அதே குரல்.

"போ. கார் சாவியை மட்டும் வெச்சிட்டுப் போ."

திரைக்காரம்மாவுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். சின்னவள் சாவியைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் தினம் ஃபோன் வந்தது. பிறகு வாரம் ஒரு தரம். பிறகு யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மட்டும். தவணை மட்டும் மாதம் தவறாமல் போனது. கார் ஓடவில்லை, அக்காதான் அதற்காக ஓடினாள். கம்பி மாட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைப் பிடித்து, டெம்போ பிடித்து, கூலியில் பாதியை அவர்களுக்கே கொடுத்தாள். "வித்துடேன்" என்று மீட்டர்காரர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "நிக்கட்டும்" என்றாள். மூன்றாம் முறை அவர் சொல்லவில்லை.

மீட்டர்காரரின் முட்டி தேய்ந்து, படி ஏற முடியாமல், வேலை நாட்கள் பாதியானபோதுதான் அவளுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. ஐம்பது வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள். சொல்லிக் கொடுத்தவர் பொறுமைசாலி. அவருக்கே ஒரு நாள் பொறுக்கவில்லை. "அம்மா, இது தையல் மெஷின் பெடல் இல்ல. மிதிச்சுக்கிட்டே இருக்காதீங்க, விடுங்க" என்றார். மூன்று மாதத்தில் உரிமம் வாங்கிவிட்டாள். ஆனால் அந்தப் பெரிய காரை அந்தத் தெருவில் திருப்ப அவளுக்குத் தைரியம் இல்லை. திருப்பினாலும் அந்தத் தவணையைக் கட்ட இனி முடியாது. சின்னதாக, பின்னால் தட்டு வைத்த ஒரு வண்டி இருந்தால் போதும்.

பழைய வண்டியை எடுத்துக்கொண்டு வேறு வண்டி தருகிற ஷோரூமிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டவர். பானட்டைத் திறந்தார், குனிந்து டயரை நகத்தால் கீறினார், ஒயரைத் தூக்கிக் காட்டினார். எலி கடித்திருந்தது.

"நாலு அறுபது தரலாம்மா. அதுவே என் முதலாளிகிட்ட நான் திட்டு வாங்குற விலை."

"பேங்க்ல இன்னும் ஆறு பத்து பாக்கி இருக்கே."

"இருக்கும். எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான். வண்டி விலை ஓடிப்போய் இறங்குது, கடன் நடந்துபோய் இறங்குது. நின்ன வண்டின்னா இன்னும் மோசம்."

"அப்ப அந்த ஒன்றரை லட்சம்?"

"புது வண்டிக் கடன் தலையில ஏத்திடலாம். தவணை மாசத்துக்கு நாலாயிரம் குறையும். ஏழு வருசம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நீங்க ஓட்டப்போறது ஒரு வண்டி, கட்டப்போறது ஏறக்குறைய ஒன்றரை வண்டிக்கு. மறைச்சு விக்க எனக்குப் பிடிக்கல."

மீட்டர்காரர் வாசற்படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "அந்த அரை வண்டி எங்கங்க நிக்கும்?" என்று கேட்டார். ஷோரூம்காரர் சிரித்துவிட்டார். திரைக்காரம்மா சிரிக்கவில்லை.

"ரெண்டு பேர் பேர்ல இருக்கு. இன்னொருத்தங்க கையெழுத்தும் வேணும்" என்றார் அவர். "தூரமா இருந்தா ஃபாரத்தைத் தபால்ல அனுப்பினாலும் போதும்."

அன்று சாயங்காலம் அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே ஃபோன் செய்தாள்.

"அக்கா? என்னக்கா, மாமாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. முட்டிதான். அதுவும் வீட்ல ஒரு ஆள் மாதிரி ஆயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "காரைக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பாத்திரம் வைக்கிற ஓசை மட்டும் கேட்டது.

"சரிக்கா."

"உன் கையெழுத்து வேணுமாம்."

"அனுப்பேன், போட்டு அனுப்பறேன். தபால்ல..."

"இல்ல. நேர்ல வரணுமாம்." சொன்ன பிறகுதான் அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. "அப்படித்தான் சொல்றாங்க. சட்டம் மாறிடுச்சாம்."

"எப்ப வரணும்?"

"அடுத்த வியாழக்கிழமை. உனக்கு முடியலேன்னா..."

"வர்றேன்கா."

வியாழக்கிழமை விடிகாலை தூறல் விழுந்துகொண்டிருந்தது. மெக்கானிக் முதல் நாளே வந்து ஒயரை ஒட்டி, பாட்டரி மாற்றிக் காருக்கு உயிர் கொடுத்திருந்தார். சின்னவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. தன் கையால் எண்ணெய் தேய்த்துச் சீவிய தலையில் வெள்ளை மயிரைப் பார்த்ததும் திரைக்காரம்மாவுக்கு யாரிடமோ சண்டை போட வேண்டும் போலிருந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"விடிகாலை அஞ்சரை மணிக்கு யாருக்கா சாப்பிடுவாங்க?"

"வா, முட்டை போடறேன்."

மீட்டர்காரர் எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "வாய் ஓயாதவ வந்துட்டா. இனி ரேடியோவை அணைச்சுடலாம்" என்றார். ஆனால் சின்னவள் அன்று அதிகம் பேசவில்லை. ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டாள், இரண்டு டம்ளர் டீ குடித்தாள். மெஷினருகே குவிந்திருந்த கறுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா இது, கனமா இருக்கு?"

"கண் ஆஸ்பத்திரிக்கு. இருட்டறைத் திரை. ரெண்டு பக்கமும் உள்துணி, அஸ்தர் குடுத்திருக்கேன். துளி வெளிச்சம் வரக்கூடாதாம்." பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னாள். "ஷோரூம் போற வழிதான். கம்பி மாட்ட ஆள் வர்றேன்னான், வரல. ஒரு மணி நேரம் ஏணி பிடிச்சா முடிஞ்சுடும்."

"டிரில் எங்க வெச்சிருக்க?" என்றாள் சின்னவள்.

அவள் காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். கார் இருமி, குலுங்கி, ஓட ஆரம்பித்தது. ஒரே மூச்சில் பின்னால் எடுத்துத் தெருவில் திருப்பினாள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று வாயைப் பிளந்தார். திரைக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் வளையங்கள் இருந்தன. கோப்பதற்குத்தான் எடுத்து வந்தாள். கோக்காமல் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தச் சாலை கொஞ்சம் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

இருட்டறை சின்ன அறை. ஒரு கதவு, ஒரு ஜன்னல், நடுவில் கண் பார்க்கும் கருவி. சின்னவள் ஏணியில் ஏறி டேப்பை இழுத்தாள். "நூத்தி நாப்பத்திரண்டு" என்றாள். அக்கா "நூத்தி நாப்பத்தி மூணுன்னு குடுத்தாங்களே" என்றாள். "அளந்தவங்களுக்கு இங்கதான் வைத்தியம் பாக்கணும்" என்றாள் சின்னவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிமெண்ட் தூள் முகத்தில் கொட்டக் கொட்டத் துளை போட்டாள். அக்கா கீழிருந்து கேட்காமலேயே திருகாணியும் பிராக்கெட்டும் எடுத்து நீட்டினாள். தங்கையின் கை எப்போது எதற்காக இறங்கும் என்று அவள் கைக்கு மறந்திருக்கவில்லை. கம்பி ஏறியது, திரை ஏறியது. சுவரோடு ஒட்டி நிற்க ஓரங்களில் பட்டை ஒட்டினார்கள்.

"இழுத்து விடு. ஓட்டை இருக்கான்னு பாப்போம்" என்றாள் அக்கா.

சின்னவள் இரண்டு திரைகளையும் இழுத்தாள். அறை கிணறு மாதிரி இருண்டது.

"வலது மூலையில மேல ஒரு கோடு தெரியுது" என்றாள் சின்னவள்.

"தெரியுது. ரெண்டு தையல் போட்டா சரியாயிடும். கண்ணு பழகட்டும், இன்னும் எங்கெங்க வருதுன்னு பாப்போம். அப்படியே நில்லு."

நின்றார்கள். வெளியே நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் மெல்லக் கேட்டது.

"அக்கா, தபால்ல அனுப்பினாலே போதும்னு எனக்குத் தெரியும். போன வருசம் அவர் வண்டிய அப்படித்தான் குடுத்தாரு."

திரைக்காரம்மா முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இருட்டு நல்லதாகப் போயிற்று.

"தெரிஞ்சுதான் வந்தேன்" என்றாள் சின்னவள். "நீ என்னிக்குக் கையெழுத்து கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ கேக்கல. ஃபோன் பண்ணினா, 'வண்டி நிக்குது, துடைச்சேன்'னு சொல்லுவ. அதைக் கேட்டா எனக்கு அன்னிக்கு முழுக்கச் சோறு இறங்காது. என்னைத்தான் அங்க நிறுத்தி வெச்சிருக்க மாதிரி இருக்கும். அதான்கா ஃபோன் பண்றதையே குறைச்சேன்."

"உன்னை வரச் சொல்லித்தான் நிறுத்தி வெச்சேன்." சொல்லிவிட்டாள். "என்னிக்காவது அவனோட ஒத்துப்போகலேன்னு வருவே. வந்தா ஓட்ட வண்டி இருக்கணும்னு நெனச்சேன். நல்ல அக்கா நெனைக்கிற நெனைப்பா இது?"

"அவர் நல்லவர்கா."

"தெரியும். அதுதானே எனக்குக் கஷ்டம்."

சின்னவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

"அந்தக் குழந்தை இப்ப என்னை அம்மான்னு கூப்பிடுது. முதல்ல ஆன்ட்டின்னுதான் கூப்பிட்டுச்சு. ஒரு நாள் ஸ்கூல் வாசல்ல, எல்லாரும் இருக்கறப்ப கூப்பிட்டுச்சு. உடனே உனக்குச் சொல்லணும்னு ஃபோனை எடுத்தேன். எடுத்துட்டு வெச்சிட்டேன். நீ வண்டியப் பத்திப் பேசுவியோன்னு."

"சொல்லியிருக்கலாம்டி."

"ம்."

"நானும் எத்தனையோ சொல்லல. டிரைவிங் போனேன், சுவத்துல இடிச்சேன், லைசென்ஸ் வாங்கினேன். உன்கிட்டச் சொன்னா, அக்காவே ஓட்டிக்குவா, நாம இனி வேண்டாம்னு நீ நெனச்சுடுவியோன்னு சொல்லல."

"நீ ஓட்டுவியாக்கா?" இருட்டில் அந்தக் குரல் நிமிர்ந்தது. "நிஜமாவா?"

கதவு தட்டப்பட்டது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதாம்மா? டாக்டர் கேக்கறாங்க." வெளிச்சம் உள்ளே விழுந்தது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கண் ஆஸ்பத்திரியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா வலது மூலையில் இரண்டு தையல் போட்டாள்.

ஷோரூமில் காகிதங்கள் தயாராக இருந்தன. ஷோரூம்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். சின்னவள் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள்.

"இந்த ஒன்றரை லட்சம் எதுக்கு?"

"வண்டி விலைக்கு மேல நிக்கற கடன். அக்காவோட புதுக் கடன்ல சேருது."

சின்னவள் பையைத் திறந்து ஒரு கவரை எடுத்தாள். "இதுல எழுபத்தஞ்சாயிரம் இருக்கு. என் பங்கு. நான் அங்க ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருக்கேன்கா. தலையணை உறை, சின்னச் சின்னத் திரை. அதுல சேர்த்தது. அவர் காசு இல்ல."

"வேண்டாம்" என்றாள் அக்கா.

"ரெண்டு பேர் பேர்ல வாங்கினோம். நஷ்டமும் ரெண்டு பேருக்கும்தானே."

"நஷ்டம் வாங்கினதுல வரல. நின்னதுல வந்துச்சு. நிறுத்தி வெச்சவ நான்."

"நான் போனதாலதான் நின்னுச்சு."

"நீ போனப்பவே வித்திருக்கணும். அன்னிக்கே வித்திருந்தா கை கழுவிட்டுப் போயிருக்கலாம். புத்தி கெட்டு வெச்சிருந்தேன். என் புத்திக்கு நீ ஏன் பணம் கட்டணும்?"

"உன் புத்தி என்னைப் பத்தினதுதானேக்கா."

ஷோரூம்காரர், "நான் ஒரு டீ சொல்லிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். இருபது வருடமாக வண்டி விற்கிறவர். விலையைக் குறைக்கச் சண்டை போடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார்.

கவர் மேஜை மேல் கிடந்தது. மூலை கசங்கி, நாலைந்து முறை எண்ணி எண்ணி வைத்த கவர். திரைக்காரம்மா அதையே பார்த்தாள். வேண்டாம் என்றால் என்ன ஆகும்? ஒன்றரை லட்சமும் முழுக்க அவளுடையதாகும். ஏழு வருடம், மாதா மாதம், தவணை கட்டுகிற வரிசையில் நின்று, என் தங்கை போனதற்கு நான் கட்டுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவும் பிடிக்கும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தங்கையை நிறுத்தி வைக்க இன்னொரு சுவர்.

எதிரே சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. ஒரு குழந்தைக்கு அம்மா. சொந்தமாக ஒரு மெஷின்.

திரைக்காரம்மா கவரை எடுத்தாள். எண்ணாமல் ஷோரூம்காரர் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். "பாதி பாதி" என்றாள்.

"பாதி பாதி" என்றாள் சின்னவள்.

இருவரும் ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். டீ ஆறிப்போய்த்தான் வந்தது. அந்தப் பெரிய காரை ஒருவர் வந்து ஷோரூமின் பின்பக்கத்துக்கு ஓட்டிப் போனார். சின்னவள் அது திரும்புகிற வரை பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை. வெள்ளை நிறத்தில், பின்னால் தட்டு வைத்த அந்தச் சின்ன வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பஸ். "இன்னிக்கு இருந்துட்டு நாளைக்குப் போயேன்" என்பது அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. "குழந்தைக்கு நாளைக்குப் பரீட்சைக்கா" என்று சின்னவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஏணியையும் டிரில்லையும் தட்டில் போட்டார்கள். அக்கா ஓட்டுகிற இருக்கையில் ஏறினாள்.

"பயமா இருந்தா நான் எடுக்கறேன்."

"உக்காரு பேசாம."

தூறல் வலுத்தது. கண்ணாடித் துடைப்பானுக்கு எந்தக் குச்சி என்று தெரியாமல் அக்கா இடது விளக்கைப் போட்டாள், ஹாரனை அடித்தாள். முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பி முறைத்தார். "அவரைத் துடைக்கச் சொல்றியாக்கா" என்றாள் சின்னவள். வழி நெடுக, "கியர்... கியர் மாத்து... மெதுவா... போ போ, அவன் நிப்பான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். நடுவில் ஒரு நல்ல சாலை வந்தபோது சின்னவள் தன்னை அறியாமல் ஏதோ பாட்டை முனக ஆரம்பித்தாள். அக்காவுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திரும்பினால் வண்டி எங்கே போகுமோ என்று பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

பஸ் நிலையத்தில் இடுக்கான இடம். எப்படியோ உள்ளே நுழைத்து நிறுத்திவிட்டாள். பஸ் தயாராக நின்றது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து அக்கா பக்கத்து ஜன்னலில் கை வைத்தாள்.

"நீ முதல்ல கிளம்புக்கா. உனக்கு இங்கிருந்து ரிவர்ஸ் எடுக்க வராது. நான் பாத்துச் சொல்லிட்டு ஏறிக்கறேன்."

"பஸ் போயிடும்டி."

"போகாது. எடு."

சின்னவள் மழையில் பின்னால் போய் நின்றாள். பையைத் தலைமேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினாள். "வா... வா... இடது ஒடி... இன்னும் வா..." கண்ணாடியில் அவள் பெரிதாகிக்கொண்டே வந்தாள். "போதும். நில்லு." தட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். "இப்ப நேரா போ. திரும்பிப் பாக்காத, முன்னால பாத்து ஓட்டு."

திரைக்காரம்மா முன்னால் பார்த்து ஓட்டினாள். வாசலைத் தாண்டும்போது மட்டும் கண்ணாடியை ஒரு தரம் பார்த்தாள். சின்னவள் அங்கேயே நின்றிருந்தாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

தெருமுனையில் மீட்டர்காரர் குடையோடு நின்றார். எத்தனை நேரமாக நின்றாரோ, ஒரு காலைத் தூக்கி முட்டிக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் கையை நீட்டி இரண்டு பக்கமும் வந்தவர்களை நிறுத்தினார். அவள் திரும்பி, வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்துகிற வரை பின்னாலேயே நொண்டி வந்தார்.

"பஸ் ஏறிட்டாளா?"

"ஏறியிருப்பா. நான்தான் முதல்ல கிளம்பினேன்."

"மறுபடி எப்ப வருவாளாம்?"

ஸ்டீயரிங் மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

"கேக்கல" என்றாள்.

மீட்டர்காரர் குடையை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் என்ஜினை அணைக்காமல், கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.